அடிமேல் அடி அடித்தால் அலுமினியமும்...

"என்னப்பா ப்ராஜெக்ட் பண்றே?" என்று யாராவது கேட்டு, "மெல்லிசான அலுமினியத் தகட்டுல விரிசல் எவ்வளவு வேகமா வளருதுன்னு பாக்கறேன்" என்று நான் பதில் சொன்னால், அடுத்து வருவது மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று: "பிரியாணி பார்சல் கட்டுற ஃபாயிலா?"

இரண்டு: "அதைப் பாத்து என்ன ஆகப் போகுது?"

மூன்று (பெரும்பாலும் சொந்தக்காரர்கள்): கொஞ்ச நேர மௌனம். பிறகு, "ஐ.டி. கம்பெனிக்கெல்லாம் அப்ளை பண்ணிட்டியா தம்பி?"

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை :-) முதல் இரண்டுக்கும் உட்கார்ந்து பதில் எழுதலாம் என்று தோன்றியது. மெக்கானிக்கல் படிக்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். ஒரே ஒரு சமன்பாடு வரும், அதையும் வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இரண்டு பழமொழிகள். "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்." "எறும்பு ஊரக் கல்லும் தேயும்." இந்த இரண்டையும் விடாமுயற்சிக்கு உதாரணமாகத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே உலோகச் சோர்வு பற்றியவை. ஆங்கிலத்தில் 'ஃபெடீக்' என்பார்கள். ஒரே தடவையில் உடைக்க முடியாத பொருளை, அதைவிட எவ்வளவோ குறைந்த பாரத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, கடைசியில் உடைத்துவிடலாம். கட்டுக்கம்பியை மடக்கி நிமிர்த்தி மடக்கி நிமிர்த்தி கட்டிங் பிளேயர் இல்லாமலேயே துண்டாக்குகிறோமே, அதேதான்.

மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்கிற திருக்குறள் எல்லோருக்கும் தெரியும். கவனித்துப் பார்த்தால் வள்ளுவர் சொன்னது அளவு மீறிய பாரம். சோர்வு அதைவிட மோசம். இதில் பாரம் அளவை மீறுவதே இல்லை. ஒவ்வொரு நாளும் அச்சு தாங்கக்கூடிய பாரம்தான் ஏறுகிறது. அப்படியும் ஒரு நாள் முறிகிறது.

அந்த 'ஒரு நாள்' 1842-ஆம் ஆண்டு மே 8-ஆம் தேதி பிரான்சில் வந்தது. வெர்சாயில் இருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் இன்ஜின் அச்சு முறிந்து, பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். அதற்கப்புறம்தான் "நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு ஏன் திடீரென்று முறிய வேண்டும்?" என்ற கேள்வி பெரிதானது. ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் வருடக்கணக்கில் அச்சுகளைச் சுழல விட்டுச் சுழல விட்டு, எவ்வளவு பாரத்துக்கு எத்தனை சுற்று தாங்கும் என்று கணக்கெடுத்தார். இன்றைக்கும் எங்கள் பாடப் புத்தகத்தில் அந்தப் படம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

சரி, அச்சு தடியாக இருக்கிறது. தகடு எங்கே வந்தது?

ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துப் பாருங்கள். ஓரத்தில் குட்டியாக ஒரு வெட்டு இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு கிழியும். அந்த வெட்டு இல்லாத பக்கத்தில் முயற்சி செய்தால் கடைசியில் பல்லால்தான் கடிக்க வேண்டும். பாக்கெட் அதேதான், கையும் அதேதான். வித்தியாசம் அந்த இரண்டு மில்லிமீட்டர் வெட்டு மட்டும். இழுக்கிற விசை முழுவதும் வெட்டின் முனையில் வந்து குவிந்துவிடுகிறது. விரிசல் என்பதும் இதேதான். ஒரு பொருளில் விரிசல் வந்துவிட்டால் அப்புறம் அந்தப் பொருளின் சராசரி பலத்தைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. முனையில் என்ன நடக்கிறது என்பதுதான் கதை. 1920-களில் கிரிஃபித் கண்ணாடியை வைத்து இதற்குக் கணக்குப் போட்டார். 1950-களில் இர்வின் அதை உலோகத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றி, முனையில் குவியும் தகைவை ஒரே எண்ணால் சொன்னார். அந்த எண்ணுக்கு 'கே' என்று பெயர். விரிசல் நீள நீள 'கே' கூடும், பாரம் கூடினாலும் கூடும்.

1961-இல் பால் பாரிஸ் என்ற அமெரிக்கர் ஒன்று சொன்னார். ஒவ்வொரு சுற்றிலும் 'கே' எவ்வளவு ஏறி இறங்குகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அந்தச் சுற்றில் விரிசல் எவ்வளவு வளரும் என்பது இருக்கிறது என்றார். 'கே'யின் ஏற்ற இறக்கத்தை மூன்றடுக்குக்கு உயர்த்தி ஒரு மாறிலியால் பெருக்கினால், ஏறத்தாழ வளர்ச்சி வேகம் வந்துவிடும். (அடுக்கு உலோகத்துக்கு உலோகம் மாறும். பெரும்பாலும் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் இருக்கும்.) மூன்றடுக்கு என்றால் என்ன அர்த்தம்? ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கானால் வேகம் எட்டு மடங்கு! நான் சொன்ன ஒரே சமன்பாடு இதுதான். இதை எழுதிய கட்டுரையை மூன்று பெரிய ஆய்விதழ்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டன. கடைசியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சொந்த இதழில் வெளியானது. இன்று அந்த 'பாரிஸ் விதி' இல்லாமல் விமானப் பராமரிப்பு அட்டவணையே போட முடியாது. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்தப் பத்தியை வெட்டி ஒட்டிக்கொள்ளவும் :-)

சரி, எங்கள் மேட்டருக்கு வருவோம்.

பிரியாணி ஃபாயில் இருக்கிறதே, அது சுமாராகப் பத்திலிருந்து இருபது மைக்ரான் தடிமன். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி சுமார் எழுபது மைக்ரான். நான் எடுத்துக்கொண்ட அலுமினியத் தகடு 50 மைக்ரான், அதாவது பார்சல் ஃபாயிலைவிடத் தடி, தலைமுடியைவிட மெலிசு.

இந்த மாதிரித் தகடுகள் எங்கே இருக்கின்றன? நாம் பார்க்காத இடத்தில் எல்லாம் இருக்கின்றன. செயற்கைக்கோளின் பக்கச் சுவர்களைப் பார்த்தால் கெட்டியான பலகை போலத் தெரியும். உள்ளே அலுமினிய ஃபாயிலால் செய்த தேன்கூடுதான். லேப்டாப் மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் கீலுக்குள் மடங்கி நிமிர்கிற அந்தப் பட்டை வயரில் இருப்பது செப்புத் தகடு, பெரும்பாலும் 18 அல்லது 35 மைக்ரான். செல்போன் பேட்டரிக்குள் சுருட்டி வைத்திருப்பதும் செப்பு, அலுமினியத் தகடுகளே. முள் காட்டும் பி.பி. கருவியின் டயலுக்குள் உப்பி உப்பி அடங்குகிற உலோகக் குமிழின் சுவரும் மெல்லிய தகடுதான். டாக்டர் ஒவ்வொரு தடவை பம்பை அமுக்கும்போதும் அதற்கு ஒரு சுற்று. இதெல்லாம் ஒரே நாளில் உடைவதில்லை. லட்சம் தடவை மடங்கிய பிறகு உடைகின்றன.

"தடிமனான தகட்டுக்குத்தான் புத்தகத்தில் எண் இருக்கிறதே, அதையே போட்டுக் கணக்குப் போட்டால் என்ன?" என்று கேட்கலாம். நானும் மேடத்திடம் இதைத்தான் கேட்டேன். (என் வழிகாட்டியை மேடம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.) அவர் வெள்ளைப் பலகையில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

விரிசல் முனையில் தகைவு குவியும்போது, முனையைச் சுற்றி ஒரு சின்னப் பகுதி நிரந்தரமாக இளகிவிடும். இழுப்பை விட்டாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. நாங்கள் சோதிக்கிற பாரத்துக்கு அந்தப் பகுதியின் அளவு சுமார் 0.4 மில்லிமீட்டர். பத்து மி.மீ. தடிமனுள்ள பலகையில் அது ஒரு புள்ளி. சுற்றிலும் கெட்டியான உலோகம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் எங்கள் தகட்டின் தடிமனே 0.05 மி.மீ. இளகும் பகுதி தடிமனைப்போல எட்டு மடங்கு! பிடித்துக்கொள்ள மேலேயும் கீழேயும் ஆளில்லை. அதனால் முனையில் தகடு மெலிந்து, சப்பாத்தி மாவை இழுத்தால் நடுவில் மெலிவது போல மெலிந்து, அப்புறம் விட்டுக்கொடுக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. உலோகம் என்பது ஒரே பாகு அல்ல, குட்டிக் குட்டிப் படிகங்களின் அடுக்கு. தடிப் பலகையில் விரிசல் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான படிகங்களை வெட்டிக்கொண்டு போகும். ஒன்று கெட்டியாக இருந்தாலும் பக்கத்தில் இருப்பது இளகலாக இருக்கும், சராசரி ஆகிவிடும். தகட்டில் மேலிருந்து கீழே எண்ணினால் சில படிகங்கள்தான் இருக்கும். அங்கே ஒவ்வொரு படிகத்துக்கும் ஓட்டு உண்டு. பெரிய தொகுதியில் நான்கு பேர் மாறிப் போட்டால் ஒன்றும் ஆகாது. ஐந்து பேர் கமிட்டியில் ஒருவர் மாறினாலே முடிவு மாறும்.

ஆகவே புத்தக எண் உதவாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எங்கள் லேபில் பெரிய மெஷின் ஒன்று இருக்கிறது. பத்து டன் வரை இழுக்கும். என் தகடு 20 மி.மீ. அகலம், 0.05 மி.மீ. தடிமன். குறுக்குப் பரப்பு சரியாக ஒரு சதுர மி.மீ. அதற்குத் தேவையான அதிகபட்ச இழுப்பு 60 நியூட்டன், சுமார் ஆறு கிலோ. பத்து டன் மெஷினில் இதை அளப்பது, லாரி எடை மேடையில் கொத்தமல்லிக் கட்டை நிறுத்துப் பார்க்கிற மாதிரி. ஆகவே, ஸ்பீக்கர் கூம்பை அசைக்கிற அதே தத்துவத்தில் வேலை செய்கிற சின்ன ஆட்டுவானையும், நூறு நியூட்டன் மட்டுமே அளக்கிற குட்டி விசையுணரியையும் வைத்து ஒரு அமைப்பு செய்தோம். ஒரு நொடிக்குப் பத்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இழுப்பு 6 நியூட்டன் வரை இறங்கி 60 வரை ஏறும். பூஜ்யத்துக்கு விடுவதில்லை. தகட்டை இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. தள்ளினால் காகிதம் மாதிரி சுருண்டுவிடும்.

தகட்டை வெட்டுவது தனிக்கலை. கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் அலை அலையாக வரும். அந்த அலை ஒவ்வொன்றும் ஒரு விரிசலுக்கான அழைப்பிதழ். எங்கள் லேப் அண்ணன்தான் வழி சொன்னார். "தனித்தனியா வெட்டாதீங்க தம்பி. இருபது தகட்டை அடுக்கி ரெண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவுல வெச்சு இறுக்கிட்டு, வயர்கட்டுல குடுத்துருங்க." அப்படியே செய்தோம். நடுவில் சின்னதாகத் துளை போட்டு, அதற்குள் கம்பியை நுழைத்து, தீப்பொறியால் அரித்து மூன்று மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு. இருபது தகட்டிலும் ஒரே மாதிரி கோடு, ஒரே மாதிரி ஓரம். பட்டறையில் இருபது வருடம் இருந்தவர் சொன்ன ஒரு வாக்கியம் ஒரு மாத வேலையை மிச்சம் பண்ணிக் கொடுத்தது.

அடுத்து பிடிமானம். நேரடியாக இரும்புத் தாடையில் கடிக்க விட்டால் அங்கேயே கிழியும். நடுவில் நைஸ் உப்புத்தாள் வைத்து, திருகுகளை ஒரே அளவாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக இறுகினால் தகட்டில் குறுக்காக ஒரு சுருக்கம் தெரியும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். அப்புறம் இன்னொரு விசித்திரம். மேலும் கீழும் இழுக்கும்போது விரிசலின் உதடுகள் இரண்டும் உப்பி வெளியே வரும். (பழைய பாலிதீன் பையின் நடுவில் ஒரு கீறல் போட்டு இழுத்துப் பாருங்கள், தெரியும்.) அதைத் தடுக்க இரண்டு பக்கமும் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பலகைகள் வைக்க வேண்டும், நடுவில் பார்ப்பதற்கு ஒரு ஜன்னல் விட்டு. அதையும் மிகவும் இறுக்கிவிட்டால் உராய்வு பாதிப் பாரத்தைத் திருடிக்கொள்ளும். தகட்டுக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற விசை பலகைக்குப் போய்விடும். பலகை வைத்தும் வைக்காமலும் அளந்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டோம்.

விரிசல் வளர்வதைப் பார்க்க, ப்ளஸ் டூ இயற்பியல் லேபில் நாம் எல்லோரும் திட்டிக்கொண்டே பயன்படுத்திய அதே நகரும் நுண்ணோக்கி! 0.01 மி.மீ. வரை படிக்கலாம். கூடவே ஒரு கேமராவும் உண்டு. இரண்டாயிரம் சுற்றுக்கு ஒரு படம்.

தொடக்கத்தில் விரிசல் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ பத்து நானோமீட்டர்தான் வளரும். அலுமினிய அணுக்களை வரிசையாக வைத்தால் முப்பத்தைந்து அணு. இழு, முப்பத்தைந்து அணு. விடு. இழு, முப்பத்தைந்து அணு. நொடிக்குப் பத்து தடவை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். நான்காவது மணி நேரத்தில் கண்ணெதிரே ஓடும். மூன்றடுக்கு விதி என்று சொன்னேனே, அதன் அர்த்தம் எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, அந்த நாற்காலியில் புரிந்தது. ஒரு பொருள் தன் ஆயுளின் பெரும்பகுதியை 'ஒன்றும் ஆகவில்லை' என்ற நிலையிலேயே கழிக்கிறது. நாம் கவனிக்கத் தொடங்கும்போது நேரம் முடியப் போகிறது.

இப்போது, இதை எழுத உட்கார வைத்த விஷயம்.

பதினான்கு தகடுகளைச் சோதித்தோம். மூன்று, பிடிமானத்தில் கிழிந்தன. இரண்டில் விரிசல் நேராகப் போகாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. மீதி ஒன்பது. இந்த ஒன்பதில் ஏழு, 4 மி.மீ. விரிசல் 10 மி.மீ. ஆவதற்கு 1.2 லட்சத்திலிருந்து 1.6 லட்சம் சுற்று வரை எடுத்துக்கொண்டன. அழகாக ஒரே கோட்டில் உட்கார்ந்தன. இரண்டு மட்டும் 60 ஆயிரத்தைத் தாண்டவில்லை.

என் ப்ராஜெக்ட் கூட்டாளி நல்ல மூளைக்காரன். அவன் சொன்னான்: "மச்சி, அந்த ரெண்டையும் தூக்கிரு. ஏழு புள்ளியும் கோட்டுல அப்படியே உக்காருது. கான்ஃபரன்ஸுக்கு அனுப்பலாம். ஒம்பதையும் போட்டா வானத்துல நட்சத்திரம் மாதிரி இருக்கும்." அவன் ஏமாற்றச் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு காரணமும் இருந்தது. "இவ்வளவு மெல்லிசு. மாட்டும்போது கை பட்டிருக்கும், இடுக்கி பட்டிருக்கும். அது தகட்டோட குணம் இல்ல, நம்ம கையோட குணம்."

நியாயமான வாதம். ஆகவே ஒழுங்காக யோசித்தோம்.

மாட்டும்போது தெரியாமல் ஓங்கி இழுத்திருந்தால் என்ன ஆகும்? விரிசல் முனையில் பெரிதாக ஒரு இளகிய பகுதி உண்டாகும். பாரத்தை விட்டதும் சுற்றியுள்ள உலோகம் அதை அமுக்கிப் பிடிக்கும். அதற்குள் புகுந்து போக விரிசல் திணறும். அதாவது, விரிசல் *மெதுவாக* வளரும். ஆயுள் கூடித் தெரியுமே தவிரக் குறைந்து தெரியாது.

இது வெறும் பாடப் புத்தகச் சமாச்சாரம் இல்லை. காமெட் என்ற பிரிட்டிஷ் விமானம், உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். 1954 ஜனவரி 10-ஆம் தேதி ஒன்று எல்பா தீவருகே வானத்திலேயே சிதறியது, 35 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 8-ஆம் தேதி இன்னொன்று நேப்பிள்ஸ் அருகே, 21 பேர். அதன் உடற்பகுதி ஒரு மி.மீ.-க்கும் மெல்லிய அலுமினியத் தகடு. ஒவ்வொரு பயணத்திலும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கும், ஒவ்வொரு பயணமும் ஒரு சுற்று. முதல் விமானம் விழுந்தது சுமார் 1,290 பயணத்தில், இரண்டாவது சுமார் 900-இல். ஆனால் தயாரிக்கும்போது சோதித்த மாதிரி 16 ஆயிரம் சுற்றுக்கு மேல் தாங்கியிருந்தது! எப்படி? அதே மாதிரியைத்தான் அதற்கு முன்பு இரண்டு மடங்கு அழுத்தம் தாங்குமா என்று சோதிக்க ஓங்கி அழுத்தியிருந்தார்கள். அந்த அழுத்தம் ஜன்னல் மூலைகளில் இருந்த உலோகத்தை இளக்கி, அமுக்கி வைத்து, விரிசலை வரவிடாமல் காப்பாற்றியது. பயணிகள் ஏறிய விமானங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. பின்னால் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தையே தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அழுத்திச் சோதித்தபோது, பறந்ததும் தொட்டியில் தாங்கியதுமாக மொத்தம் 3,057 சுற்றில் கிழிந்தது.

ஆக, 'கை பட்டிருக்கும்' என்பது ஓங்கி இழுத்த இழுப்பாக இருந்தால், சந்தேகப்பட வேண்டியது நீண்ட நாள் வாழ்ந்த தகடுகளைத்தான்!

சரி, இழுக்காமல் இடுக்கி கீறியிருந்தால்? அந்தக் கீறல் வேறு எங்கோ ஓரத்தில் இருக்கும். நாங்கள் அளந்தது நடுவில் இருக்கிற விரிசலை, அதுவும் 4 மி.மீ.-இலிருந்து. ஓரத்தில் இருக்கிற கீறல் நடு விரிசலை இரண்டு மடங்கு வேகமாக ஓட வைக்காது. விரிசல் போகிற பாதையிலேயே கீறல் இருந்திருந்தால், அந்த இடத்தில் வேகம் துள்ளியிருக்க வேண்டும். படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தோம். துள்ளல் இல்லை. தொடக்கத்திலிருந்து கடைசி வரை எல்லா இடத்திலும் வேகம்தான்.

அப்புறம், சோதனை தொடங்குவதற்கு முன்பே நோட்டில் முதல் பக்கத்தில் எதை ஒதுக்கலாம் என்று மேடம் எழுத வைத்திருந்தார். பிடிமானத்தில் கிழிந்தால் ஒதுக்கலாம். விரிசல் இருபது பாகைக்கு மேல் சாய்ந்தால் ஒதுக்கலாம். இடது வலது நீளம் அரை மி.மீ.-க்கு மேல் வித்தியாசப்பட்டால் ஒதுக்கலாம். அவ்வளவுதான். அன்றைக்கு அது வெறும் சம்பிரதாயமாகத் தெரிந்தது. இந்த இரண்டு தகடுகளும் மூன்றிலும் பாஸ். அவற்றின் மேல் இருக்கிற ஒரே குற்றச்சாட்டு, நாங்கள் எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளவில்லை என்பது.

பிடிமானத்தில் கிழிந்த மூன்றை ஒதுக்கியபோது எனக்கு உறுத்தவில்லை. அது தகட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, என் திருகைப் பற்றித்தான் சொன்னது. இந்த இரண்டும் தகட்டைப் பற்றிச் சொல்கின்றன. பாதையில் பெரிய படிகங்கள் வந்திருக்கலாம். வரிசை அப்படி அமைந்திருக்கலாம். அதை உறுதியாகச் சொல்ல எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். முன்பதிவு செய்திருக்கிறோம், முறை வரட்டும்.

இதில் என்னை விடாமல் துரத்துகிற விஷயம் ஒன்றுதான். இந்த எண்களை நாளைக்கு யாராவது எடுத்துப் பயன்படுத்தினால், அவருக்கு வேண்டியது சராசரி அல்ல. ஒரு குமிழையோ பட்டை வயரையோ வடிவமைக்கிறவர், "இந்தத் தகட்டில் மோசமானது எத்தனை சுற்று தாங்கும்?" என்றுதான் கேட்பார். அவருக்காகத்தான் அந்த இரண்டு தகடுகளும். ரொம்ப நாள் தாங்கிய தகட்டைத் தூக்கிப் போட்டால் கொஞ்சம் தடியாகச் செய்வார், காசு கொஞ்சம் கூடும். சீக்கிரம் செத்த தகட்டைத் தூக்கிப் போட்டால்? கோடு அழகாக இருக்கும்.

1988 ஏப்ரல் 28-ஆம் தேதி ஹவாய் தீவுகளில் அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737 ஒன்றின் மேற்கூரை, முன்பக்கம் சுமார் ஐந்தரை மீட்டர் நீளத்துக்கு, நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. 19 வருடப் பழைய விமானம். தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணமாக 89,680 சுற்று பறந்திருந்தது. ஒரு விமானப் பணிப்பெண் இறந்து போனார். மற்றவர்கள் அதே கூரையில்லாத விமானத்தில் உயிரோடு இறங்கினார்கள். அங்கே ஒரு பெரிய விரிசல் இல்லை. வரிசையாக ஆணித் துளைகளில் குட்டிக் குட்டியாகப் பல விரிசல்கள் இருந்து, ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டன. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் 'இது சின்னதுதானே' என்று தோன்றியிருக்கும். ஏறும்போது ஒரு பயணி கதவருகே ஒரு விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

நான் விமானம் செய்யவில்லை. ஐம்பது மைக்ரான் தகட்டை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பயணியின் இடத்தில்தான் நானும் இருக்கிறேன் என்று தோன்றியது. பார்த்தாகிவிட்டது. இனி சொல்வதா வேண்டாமா என்பது மட்டும்தான் மிச்சம்.

கூட்டாளியோடு இரண்டு நாள் வாக்குவாதம், நான்கு டீ, ஒரு பஜ்ஜி. கடைசியில் அவனே ஒரு யோசனை சொன்னான். "சரி, ஒம்பதையும் போடுவோம். ஆனா தலைப்ப மாத்துவோம். விரிசல் வளர்ற வேகம்னு போட வேணாம், வேகத்துல வர்ற சிதறல்னு போடுவோம்." எனக்கு இது என் வாதத்தைவிட நன்றாக இருந்தது. மேடம் இரண்டு நிமிடம் படத்தைப் பார்த்துவிட்டு, "இப்பதான் இது ப்ராஜெக்ட் மாதிரி இருக்கு" என்றார். கூடவே, "ஒன்பது போதாது, இன்னும் ஒரு அடுக்கு வெட்டுங்க" என்றும் சொன்னார். ஹ்ம்ம்.

ஆகவே அடுத்த இருபது தகடு வயர்கட்டுக்குப் போயிருக்கிறது. தகடு ஒன்றுக்கு நான்கு மணி நேரம். கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் லேபுக்கு யாராவது பேச்சுத் துணைக்கு வந்தால் டீ என் செலவு. இரண்டாயிரம் சுற்றுக்கு ஒருமுறை மட்டும் நான் பேச்சை நிறுத்திவிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அது மூன்று நிமிடம் இருபது நொடிக்கு ஒரு தடவை வரும் :-)